மாடி காலி இல்லை

உ

ஓசூர்,
ஆனி மாதக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை.

சாத்தூர் மின்விசிறிக் கடை முதலாளியும் என் மனைவி ஜெயமணியின் உடன்பிறந்த அண்ணனும் ஆகிய மதிப்பிற்குரிய மச்சான் ரத்தினவேல் அவர்களுக்கு, சௌந்தரராஜன் பணிவன்புடன் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இப்படி எழுதுவது முறை என்பதால் எழுதியிருக்கிறேன், உண்மை நிலவரம் கீழே வருகிறது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் கடையும் குறைவில்லாமல் இருக்க நான் கும்பிடும் சாமியை வேண்டிக்கொள்கிறேன். இந்த இடத்தோடு பணிவு முடிந்தது. இனிமேல் இந்தக் கடிதத்தில் அதைத் தேட வேண்டாம்.

தாங்கள் லாரி சர்வீஸில் அனுப்பிய பெடஸ்டல் ஃபேன் வந்து சேர்ந்தது. அதன் அட்டைப்பெட்டிக்குள் செருகியிருந்த கடிதமும் வந்து சேர்ந்தது. ‘கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள், வீட்டுக்காரியும் காலி பண்ணச் சொல்லிவிட்டாள், இனி அந்த ஊரில் உங்களுக்கு என்ன இருக்கிறது, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஜெயமணியைக் கூட்டிக்கொண்டு ஆடி பிறப்பதற்குள் வந்து சேருங்கள், கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத் தருகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், ஸ்டூல் உங்களிடமே இருக்கட்டும். நான் வர மாட்டேன். வீட்டைக் காலி பண்ண மாட்டேன். பெட்டியை விற்க மாட்டேன். கடிதத்தை இத்தோடு மடித்து உறையில் போட்டுவிடலாம், ஆனால் நான் ஏதோ வீம்புக்குப் பேசுகிறேன் என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பீர்கள் என்பதால் நடந்தது முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

கம்பெனி கேட்டில் பூட்டு தொங்க ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் உலை கொதிப்பது ஜெயமணியின் கம்ப்யூட்டரால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் இருந்தது, போய்விட்டது. பெங்களூரில் ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட பழைய மெஷின்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு சிப்காட் பட்டறைகளுக்குக் கொட்டேஷன் அடிக்கிறாள், பர்கூர் இன்ஜினியரிங் காலேஜ் பையன்களுக்கு பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கிறாள், கெலமங்கலத்துக்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாள். எல்லோருக்கும் அடையாளம் ‘நஞ்சம்மா வூட்டு மாடி’தான். இந்த மாடியை விட்டால் வருகிற ஆட்கள் எங்கே என்று வருவார்கள்? பூட்டிக் கிடக்கும் கம்பெனியின் ஃபிட்டருக்கு இந்த ஊரில் வேறு எவன் வீடு கொடுப்பான்? ஆகவே இந்த மாடி போனால் அவள் தொழில் போச்சு, தொழில் போனால் உங்கள் ஸ்டூல். மச்சான், நான் எதற்காக நிற்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சங்கதி தொடங்கியது இப்படி. கம்ப்யூட்டருக்குத் தூசி ஜென்மப் பகை என்று விற்றவர் சொன்னதால், அந்த அறையின் ஜன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்குகளில் பழைய காலண்டர் அட்டையைச் செருகி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு ஃபேன் இருக்கிறது. பெட்டி சூடாகாமல் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். உத்தியோகத்தை ஒழுங்காகத்தான் பார்த்தது, ஆனால் சானமாவுக் காட்டு யானை பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். வைகாசியில் ஒருநாள் மதியம் ஜெயமணி ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு பிரிண்ட் போடும் கடைக்குப் போயிருந்தாள், ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு நான் காவல். அப்போது வீட்டுக்கார நஞ்சம்மா அக்கா கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்து அறை வாசலில் நின்றார். பெட்டியைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கையை இப்படியும் அப்படியும் வீசிக் காட்டி, கன்னடத்தில் மடமடவென்று எதையோ சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதில் மூன்று வார்த்தை எனக்குக் கல்லில் வெட்டியதுபோலக் காதில் விழுந்தது. காலி. ஆடி. மாடி.

இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? ஆடிக்குள் மாடியைக் காலி செய். யாரிடமாவது அர்த்தம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எதற்குக் கேட்க வேண்டும்? வருஷக்கணக்காக இந்த ஊரில் இருக்கிறேன், என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் ஆனேக்கல், அத்திப்பள்ளிக்காரர்கள், கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. காரணத்தையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். சத்தம். அந்த ஃபேன் சத்தம். அதை ஒழித்துவிட்டால் காலி பண்ணச் சொல்லக் காரணம் ஏது? ஜெயமணியிடம் மூச்சு விடவில்லை. அவள் ஒரு ரிப்போர்ட்டில் எழுத்துப் பிழை வந்தாலே ரெண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவள், வீடு போகிறது என்றால் தாங்க மாட்டாள். உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். எழுதியது என் புத்தி.

அன்றைக்கே ஒரு முடிவு செய்தேன். ஆடி பிறக்கும்வரை நஞ்சம்மா அக்கா கண்ணில் படக்கூடாது. ஆடி பிறந்துவிட்டால் தமிழனாக இருந்தாலும் கன்னடத்துக்காரராக இருந்தாலும் வீடு மாறச் சொல்லி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஒரு மாதம் நமக்குப் பந்தோபஸ்து. அதுவரை அவர் வாசல் தெளித்தால் நான் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வெளியே போவேன். அவர் மார்க்கெட்டில் புதினா வாங்கினால் நான் வெங்காய மூட்டைக்குப் பின்னால் இருப்பேன். ஒருநாள் “சௌந்தரராஜு! ஏ சௌந்தரராஜு! நில்லப்பா, ஒரு மாத்து!” என்று, ஒரு வார்த்தை பேச வேண்டுமாம், தெருவில் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார். நான் போகிற போக்கில் ஒரு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். சூளகிரியில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன், டீ நன்றாகத்தான் இருந்தது.

ஃபேன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பெட்டியின் மேல் கம்பளியைப் போர்த்திப் பார்த்தேன். சத்தம் பாதியானது, கூடவே ஒரு காலேஜ் பையனின் ரிப்போர்ட்டும் பாதியில் காணாமல் போனது. பிறகு பெட்டிக்குக் கீழே தலையணை வைத்தேன். சத்தம் குறையவில்லை, மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் ஜெயமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகுதான், குடும்பத்திலேயே ஃபேன் வியாபாரி இருக்கும்போது எதற்குக் கஷ்டம் என்று உங்களுக்கு எழுதினேன். என்ன எழுதினேன்? ‘கம்ப்யூட்டருக்குச் சத்தமில்லாத ஃபேன் ஒன்று அனுப்பவும்.’ நீங்கள் என்ன அனுப்பினீர்கள்? என் தோள் உயரத்துக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன். மச்சான், கம்ப்யூட்டர் நம்ம வீட்டு மாமனாரா, சாப்பிட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து காற்று வாங்க? அனுப்பியதுதான் அனுப்பினீர்கள், வேலை செய்யட்டும் என்று பழைய குட்டி ஃபேனின் வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் மூடியைக் கழற்றி, உங்கள் ஃபேனை எதிரில் நிறுத்தி ஸ்விட்சைப் போட்டேன். மேஜைமேல் இருந்த கெலமங்கலத்துக் கல்யாணப் பத்திரிகைப் புரூஃப் அத்தனையும் எழுந்து, திறந்திருந்த கதவு வழியாக வெளியேறி, மாடிப்படியைத் தாண்டி, கீழே நஞ்சம்மா அக்கா காயப்போட்டிருந்த ராகியில் போய் விழுந்தது. அவர் ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி, ராகியை உதறி, அடுக்கி எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். நான் உங்கள் ஃபேனின் அட்டைப்பெட்டிக்குள் இருந்தேன். அந்த ஒன்றுக்கு மட்டும் உங்களுக்கு நன்றி.

இனி யாரையும் நம்புவதில்லை என்று போன வியாழக்கிழமை நானே பெங்களூர் கிளம்பிவிட்டேன். எஸ்.பி. ரோட்டில் சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர் சாமான் கடைதான். ஒரு கடையில் நுழைந்து, “சத்தா பரபாரது, அந்த மாதிரி ஃபேன் கொடி” என்று, சத்தம் வராத ஃபேனாகக் கொடுங்கள் என்பதைக் கன்னடத்திலேயே கேட்டேன். கடைக்காரர் ஒரு பேட்டரியை வைத்து ஒவ்வொரு ஃபேனாக ஓட்டிக் காட்டினார். வெளியே ஆட்டோ, லாரி, தள்ளுவண்டி, நாலு பாஷையில் சண்டை. அந்த இரைச்சலில் எது சத்தம் போடுகிறது, எது போடவில்லை என்று மனுஷன் எப்படிக் கண்டுபிடிப்பான்? எனக்கு ஒரு யோசனை வந்தது. என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கடைக்காரரிடம் ஈடாகக் கொடுத்துவிட்டு, பேட்டரியையும் ரெண்டு ஃபேனையும் எடுத்துக்கொண்டு, எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே அமைதியான அமைதி. இந்தக் காதில் ஒரு ஃபேன், அந்தக் காதில் ஒரு ஃபேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கண்ணைத் திறந்தால் கண்ணாடிக்கு வெளியே கூட்டம். பூத்துக்கார ஜோதியம்மாள் கதவைத் தட்டினார். “இன்னா சார், நம்பரு போடாம காத்தாடிய காதுல வச்சிக்கினு யாராண்ட பேசற? வெளில அவசரமா பேச ஜனங்க நிக்கிறாங்க, வா சார் வெளில!” என்றார். வெளியே வரும்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூண்டின் உச்சியில், ஆள் மேல் காற்று வருவதற்காக, கறுப்பு இரும்புச் சட்டம் போட்ட ஒரு குட்டி ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் என் உச்சந்தலைக்கு மேலேயே ஓடியிருக்கிறது, எனக்குக் கேட்கவே இல்லை! இதுதான் மச்சான், இதுதான் நான் தேடியது.

கடைக்குத் திரும்பி ஓடினேன். பூத்தில் இருக்கிறதே, அதே கறுப்பு ஃபேன்தான் வேண்டும் என்றேன். கடைக்காரர் எடுத்து வைத்தார், ஆனால் கம்ப்யூட்டருக்கு என்று நான் சொன்னதும் கையை ஆட்டி, “சார், அது பேரே கரெண்ட்டு. பேரே கரெண்ட்டு சார்!” என்றார். நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், பேர் எங்கேயும் அச்சடிக்கவில்லை. பரவாயில்லை, கரெண்ட் என்று ஒரு கம்பெனி வைத்திருக்கிறான் பாருங்கள், ஃபேனுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் பேர் வைக்க முடியும்? “பேரு ஒள்ளே பேரு, கொடி கொடி” என்று பேரை மெச்சி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் கடை வாசல்வரை வந்து மறுபடியும் அதையே சொன்னார். அவர்கள் கம்பெனிப் பேரில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

அதை இன்று காலையில் என் கையாலேயே பொருத்திவிட்டேன். திருகு ஓட்டையெல்லாம் தைத்துப் போட்ட சட்டை மாதிரி உட்கார்ந்தது. நான் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இல்லை என்பது வாஸ்தவம்தான், ஆனால் சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று, இதில் என்ன பெரிய வித்தை? முறுக்கி டேப் சுற்றி, பெட்டியைச் சுவரோடு சுவராகத் தள்ளி வைத்து, ஸ்விட்சைப் போட்டேன். மச்சான், சத்தமே இல்லை! குறைந்த சத்தம் இல்லை, சுத்தமாக இல்லை. இந்த நிமிஷம் ஜெயமணி உள்ளே உட்கார்ந்து டைப் அடிக்கிறாள், நான் நடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அவள் வளையல் கீபோர்டில் படுவது எனக்குக் கேட்கிறது, கீழே நஞ்சம்மா அக்கா களி கிண்டுவது கேட்கிறது, ஃபேன் மட்டும் கேட்கவில்லை. நல்லவேளையாக ஆடிக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன்.

ஜெயமணி கூப்பிடுகிறாள். “ஏங்க, பின்னாடி கைய வச்சுப் பாத்தேன், காத்தே வரலையே?” என்கிறாள். சத்தம் போடாமல் வருகிற காற்று கைக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான் பதில் சொன்னேன்.

இனி வீட்டுக்காரி எந்த வாயால் காலி பண்ணச் சொல்கிறார் என்று பார்க்கிறேன். இன்று சாயங்காலம் நானே படியிறங்கிப் போய், ஒளியாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரில் நிற்கப் போகிறேன். “நஞ்சம்மக்கா, சத்தம் இல்ல, காரணமும் இல்ல. இனி ஆடி வந்தா என்ன, ஆவணி வந்தா என்ன, மாடி காலி இல்ல!” என்று சொல்லப்போகிறேன். கன்னடத்தில் சொல்வதா தமிழில் சொல்வதா என்பதுதான் யோசனை. கதவடைப்பு முடிகிறவரை இந்த மாடியை ஜெயமணியிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. கம்பெனிக்காரன் என்னைக் கேட்காமல் பூட்டினான், அங்கே நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. இங்கேயும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன் என்று எவனும் நினைக்க வேண்டாம், நீங்களும் நினைக்க வேண்டாம்.

மறுபடி கூப்பிடுகிறாள். “ஏங்க, பொட்டி தோசைக்கல்லு மாதிரி சுடுதுங்க!” புது சாமான் முதலில் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். எங்கள் கம்பெனியில் புது பேரிங் போட்டாலும் அப்படித்தான்.

ஆகவே மச்சான், பெடஸ்டல் ஃபேனை அடுத்த லாரியில் திருப்பி அனுப்புகிறேன், ஸ்டூலில் வேறு ஆளை உட்கார வையுங்கள். இந்தக் காலி பண்ணும் சங்கதி ஜெயமணிக்கு இதுவரை தெரியாது, இனியும் தெரியக் கூடாது, உங்கள் வாயிலிருந்து வந்தால் நமக்குள் இருக்கும் உறவு மரியாதையாக இருக்காது. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கச் சொல்லவும், முக்கியமாகக் கன்னடம் படிக்கச் சொல்லவும், எங்கே போனாலும் உதவும். உள்ளே ஏதோ பொசுங்குகிற வாடை வருகிறது, என்னவென்று பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

பின்குறிப்பு:

அன்புள்ள அண்ணனுக்கு, ஜெயமணி எழுதுவது. உங்கள் மாப்பிள்ளை கையெழுத்துப் போடவில்லை. மெஷின் தானாக நின்றுபோய்விட்டது, டி.வி. மெக்கானிக் கங்கப்பனைக் கூட்டிவர ஓடியிருக்கிறார். கடிதம் நடையில் காற்றில் பறந்துகொண்டிருந்தது, எடுத்து வைக்கப் போனவள் முழுவதும் படித்துவிட்டேன்.

அந்த ஃபேன் சத்தம் போடாததற்குக் காரணம், அது சுற்றவே இல்லை. கன்னடத்தில் ‘பேரே’ என்றால் ‘வேறே’. அது வேறு கரெண்டில், வீட்டு லைட் எரிகிற கரெண்டில் ஓடுகிற ஃபேன், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வருகிற சின்னக் கரெண்டுக்கு ஓடாது என்று அந்தக் கடைக்காரர் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறார்.

நஞ்சம்மா அக்கா சொன்னது இன்னதென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் சொல்வார். ‘காளி ஆடோ ஹங்கே மாடி.’ காளி என்றால் காற்று, மாடி என்றால் செய்யுங்கள். காற்றாடும்படி செய்யுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், இவ்வளவுதான். இருந்தாலும் கீழே போய்க் கேட்டேன். “காலி பண்றதா? யாரு சொன்னாங்க? அந்தப் புழுக்கத்துல நீ உக்காந்து வேலை செய்யறியேன்னு சொன்னேம்மா. அது இருக்கட்டும், உங்கூட்டுக்காரு ஏன் என்னப் பாத்தா கள்ளன் மாதிரி ஓடறாரு? ஜன்னல் கொக்கி துரு புடிச்சிருக்குது, புதுசு வாங்கி வச்சிருக்கறேன், வந்து மாட்டுப்பான்னு கூப்புட்டா பஸ் ஏறிப் போயிட்டாரு” என்றார். ஃபேன் சத்தம் எதுவும் அவருக்குக் கேட்டதே இல்லையாம்.

ஜன்னலைத் திறந்துவிட்டேன். கங்கப்பன் வந்ததும் பழைய ஃபேனையே மாட்டச் சொல்லப் போகிறேன். அது கத்தினால்தான் அண்ணே மெஷின் ஓடுகிறது என்று எனக்கு நிம்மதி.

படித்தபோது முதலில் சிரித்தேன். அந்த அட்டைப்பெட்டி இடத்தில் வயிறு வலித்தது. அப்புறம் அழுகை வந்துவிட்டது. கம்பெனி மூடியதிலிருந்து அவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. நான் சம்பாதிப்பது பிடிக்கவில்லையோ என்று எனக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னடா என்றால் என் மெஷினுக்காக, இல்லாத ஒரு சண்டையை, சுவர் ஏறிக் குதித்துத் தனி ஆளாக நடத்தியிருக்கிறார். நான் பயந்துவிடக் கூடாதாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், சொல்லவில்லையே என்று கோபமும் இருக்கிறது, ஆனால் கோபத்தை இன்றைக்குக் காட்டப் போவதில்லை.

நஞ்சம்மா அக்காவிடம் ஒன்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து எதிரில் நின்று வீராப்பாகப் பேசும்போது சிரிக்கக் கூடாது. கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்றுவிட்டு, நிதானமாக, நல்ல தமிழில், “சரிப்பா, நீயே ஜெயிச்ச, மாடியிலேயே இருங்க” என்று சொல்ல வேண்டும். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்துவிட்டுச் சம்மதித்திருக்கிறார். காளி, காலி விஷயம் உங்கள் மாப்பிள்ளைக்கு என் வாயால் தெரியப் போவதில்லை.

அதனால் அண்ணே, நாங்கள் சாத்தூர் வரவில்லை. அவர் எட்டுப் பக்கத்தில் சொன்னதை நான் ஒரு வரியில் சொல்கிறேன். உங்கள் ஸ்டூல் அவருக்கு வேண்டாம், அவர் ஜெயித்த ஆள். இதில் ஒரு வார்த்தை நீங்கள் அவரிடம் போட்டு உடைத்தீர்கள் என்று தெரிந்தால், உங்கள் மகளின் காதுகுத்துக்கு அத்தை இல்லாமல்தான் பந்தி நடக்கும்.

இப்படிக்கு,
தங்கை ஜெயமணி